நமது பத்துப்பாட்டு

தலைப்பைக் கண்டதும் தமிழ்ப் பண்டிதர்கள் சற்று நிமிர்ந்து உட்காரக் கூடும். நக்கீரர் முதலிய சங்கப் புலவர்கள் பாடிய பத்துப்பாட்டைப் பற்றி எழுதுவதற்கு வேண்டிய கல்வி நம்மிடம் கிடையாது. நாம் வல்லக்கோட்டையில் வசித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளுகிறவர். நாம் இங்கே சொல்ல வந்த பத்துப்பாட்டு, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை இரவும் சாப்பாடு முடிந்த பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாமே எழுதி வைக்கும் பத்துப் பாட்டுக்களின் ஜாபிதாவாகும். அந்த வாரத்தில் நமது மனத்தை எந்தப் பாட்டு மிகுதியாகப் பிடித்துக்கொண்டிருந்ததோ அதற்கு முதல் இடம். அதற்கு அடுத்ததற்கு இரண்டாம் இடம். இப்படிப் பத்து வரையில். பாட்டு, படம், பாடியவர், சென்ற வாரம் பெற்ற இடம், எத்தனை வாரமாக இருந்து வருகிறது என்று பக்கத்துக்கு ஐந்து பத்தி கோடு போட்டிருக்கிறோம்.

வருஷத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகமாக முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. காய்ச்சல், கல்யாணம், பரீட்சை என்று தவறிய வாரங்களைக் கழித்துப் பார்த்தாலும் ஆயிரத்து ஐந்நூறு பக்கங்களுக்குக் குறையாது. "பழைய பேப்பர்காரன் வந்திருக்கிறான், போட்டுவிடட்டுமா?" என்று நமது இல்லத்தரசி மாதம் ஒரு முறை கேட்பது வழக்கம். நாம் பதில் சொல்வதில்லை. அவளும் போடுவதில்லை.

இந்தப் பைத்தியம் தொடங்கிய விதத்தைச் சொல்லிவிடுகிறோம். 1992-ஆம் ஆண்டில் 'ரோஜா' படம் வெளிவந்து, ஏ. ஆர். ரஹ்மான் என்ற பெயரை ஊரெல்லாம் உச்சரித்துக்கொண்டிருந்த சமயம். அப்போது நமக்கு வயது பன்னிரண்டு. ஸ்ரீபெரும்புதூர்க் கடைத்தெருவில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. நமக்கு வேண்டிய பாட்டுக்களைக் காகிதத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டால், இரண்டொரு நாளில் காஸெட்டில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிஷக் காஸெட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிஷம். பாட்டுக்கு ஐந்து நிமிஷமென்றால் பன்னிரண்டு பாட்டு. நம்மிடமோ ஆசைப்பட்ட பாட்டுக்கள் ஐம்பதுக்கு மேல் இருந்தன. காசோ ஒரே ஒரு காஸெட்டுக்குத்தான் இருந்தது. ஐம்பதில் பன்னிரண்டைப் பொறுக்க ஒரு வார காலம் நாம் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் மந்திரிசபை அமைக்கிறவர்கள் நம்மிடம் பாடம் கேட்டிருப்பார்கள். எழுதி, அடித்து, மறுபடி எழுதிக் கடைசியில் காகிதத்தைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது, கையில் காஸெட்டு இல்லாமலே மனம் நிறைந்திருந்தது. நமக்கு வேண்டியது பாட்டு மட்டும் அல்ல, அந்த ஜாபிதாவுந்தான் என்பது அன்றைக்கு விளங்கிற்று.

இந்தப் பித்து உலகத்தில் நமக்கு மட்டும் ஏற்பட்டதென்று நேயர்கள் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 'பில்போர்டு' என்ற பத்திரிகை 1936-ஆம் வருஷம் ஜனவரி 4-ந் தேதியே பாட்டுக்களின் வரிசையை அச்சிட ஆரம்பித்துவிட்டது. 1940 ஜூலையில் இசைத்தட்டு விற்பனையைக் கொண்டு வரிசை போட்டார்கள். 1958 ஆகஸ்டில் அது நூறு பாட்டுக்களின் பட்டியலாக வளர்ந்தது. இங்கிலாந்தில் 1952 நவம்பர் 14-ந் தேதி 'நியூ மியூஸிகல் எக்ஸ்பிரஸ்' என்ற பத்திரிகை தன் முதல் பட்டியலை வெளியிட்டது. அதற்காகப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் நடக்கவில்லை. பெர்ஸி டிக்கின்ஸ் என்பவர் சுமார் இருபது இசைத்தட்டுக் கடைகளுக்கு டெலிபோன் செய்து, எது அதிகம் விற்றது என்று விசாரித்து எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்.

அதற்குப் பத்தொன்பதாவது நாள், அதாவது 1952 டிசம்பர் 3-ந் தேதி, நமது பாரத தேசத்து ரஸிகர்களுக்காக ரேடியோ சிலோனில் 'பினாகா கீத்மாலா' ஆரம்பமாயிற்று. அந்த வருஷந்தான் அகில இந்திய ரேடியோவில் சினிமாப் பாட்டுக்களுக்குக் கதவு சாத்தப்பட்டது, மந்திரி பி. வி. கேஸ்கருக்கு அவற்றில் விருப்பமில்லை. ஆகவே ஜனங்கள் இலங்கையின் பக்கம் காதைத் திருப்பினார்கள். ஒரு பற்பசைக் கம்பெனியின் தயவில் நடந்த அந்த நிகழ்ச்சியை நடத்தியவர் அமீன் சயானி. காந்தியடிகளின் விருப்பப்படி 'ரஹ்பர்' என்ற பத்திரிகையை நடத்திய குல்ஸூம் சயானி அம்மையாரின் புதல்வர் அவர். சிறு வயதில் தாயாருக்குப் பத்திரிகை வேலையில் ஒத்தாசை செய்தபோது பழகிய எளிய ஹிந்துஸ்தானியே பிற்காலத்தில் அவருக்குக் கை கொடுத்தது. முதலில் ஏழு பாட்டுக்களைப் போட்டு நேயர்களுக்குப் போட்டி வைத்தார்கள். கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவியவே, பிற்பாடு பாட்டுக்களுக்கு வரிசை எண் கொடுத்தார்கள். ஒவ்வோர் இடத்தையும் அவர் 'படி' என்று ஹிந்தியில் குறிப்பிடுவார். இந்த வாரம் இந்தப் பாட்டு எத்தனையாவது படியில் நிற்கிறது என்று கேட்பதற்காகப் புதன்கிழமை இரவுகளில் தெருத் தெருவாக ஜனங்கள் ரேடியோவின் முன் காத்திருந்தார்கள். வடநாட்டில் எத்தனையோ வீடுகளில் அந்த வரிசையை நோட்டுப் புத்தகங்களில் எழுதியும் வைத்தார்கள். 1957 அக்டோபர் 3-ந் தேதி 'விவித பாரதி' பிறந்து, சினிமாப் பாட்டு நமது சொந்த ரேடியோவுக்குத் திரும்பி வந்ததற்கு இந்த மோகமும் ஒரு காரணம். சயானி 2024 பிப்ரவரியில் தமது 91-ஆவது வயதில் காலமானார்.

கடைக்காரர் விற்பனையை எண்ணினார். ரேடியோக்காரர் கடிதங்களை எண்ணினார். நாமோ நமது மனம் ஒன்றைத்தான் எண்ண வேண்டும். இது சுலபமென்று தோன்றும். கணக்கு வாத்தியார் என்ற முறையில் சொல்கிறோம்: இதைப் போன்ற கஷ்டமான கணக்கு வேறில்லை.

நமது முறையில் முதல் இடத்துக்குப் பத்து மதிப்பெண், இரண்டாம் இடத்துக்கு ஒன்பது. இப்படியே பத்தாம் இடத்துக்கு ஒன்று. வருஷ முடிவில் கூட்டிப் பார்ப்போம். ஒரு வருஷம் வேடிக்கை ஒன்று நடந்தது. எட்டு வாரம் முதல் இடத்தில் கொடி கட்டிப் பறந்த பாட்டு ஒன்று, பிறகு போன இடம் தெரியாமல் மறைந்துவிட்டது. அதற்கு மொத்தம் 80 மதிப்பெண். மற்றொரு பாட்டு ஐந்தாம் இடத்துக்கு மேல் ஒரு நாளும் ஏறவில்லை. ஆனால் அந்த இடத்திலேயே இருபது வாரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. வாரத்துக்கு ஆறு வீதம் 120. அந்த வருஷத்துச் சிரேஷ்டமான பாட்டு, ஒரு வாரங்கூட முதலாவதாக வராத பாட்டு! பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. பில்போர்டு பத்திரிகையில் 1965-ஆம் வருஷத்துக்கும் 2000-ஆம் வருஷத்துக்கும் முதலாவதாக வந்த பாட்டுக்கள், வாரப் பட்டியலில் இரண்டாம் இடத்தைத் தாண்டாதவையே. நமது வகுப்பிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் உண்டு. அவர்களை நாம் நெடுநாள் கவனியாமல் இருந்தோம் என்பதை இந்தக் கூட்டல் நமக்கு எடுத்துக் காட்டிற்று.

எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். நோட்டுப் புத்தகத்தில் நாம் செய்த பெரிய மோசடியையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். காலேஜில் படித்த நாளில் விடுதியில் நம்முடன் இருந்தவர்களில் இருவர் கர்நாடக சங்கீதத்தில் தேர்ந்தவர்கள். ராகத்தின் பெயரைச் சொல்லித்தான் அவர்கள் காலை வணக்கமே செய்வார்கள். அந்த நாளிலிருந்து நமது ஜாபிதாவில் தியாகையர் கீர்த்தனங்களும் தீக்ஷிதர் கிருதிகளும் முதல் மூன்று இடங்களைப் பிடித்துக்கொண்டன. சினிமாப் பாட்டுக்கள் எட்டாம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் இறங்கி, கூச்சத்துடன் மூலையில் ஒதுங்கின. ஒரு நாள் நண்பர்களில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். நமது நெஞ்சு பெருமையால் விம்மிற்று. அவர் மெதுவாக, "முதல் இடத்தில் இருக்கிறதே, இதன் அனுபல்லவியைக் கொஞ்சம் பாடுங்கள் சார், கேட்கலாம்" என்றார். நமக்குப் பல்லவியே சரியாகத் தெரியாது. "ஒன்பதாவது பாட்டையாவது பாடுங்கள்" என்றார். அதைச் சரணம் வரையில் ஒரு சொல் தவறாமல் பாடிவிட்டோம். நண்பர் சிரித்தார், நாம் சிரிக்கவில்லை. யாரும் பார்க்க வேண்டாம் என்று எழுதுகிற புத்தகத்தில், யாரோ பார்ப்பதாக எண்ணிக்கொண்டு பொய் எழுதியிருக்கிறோமே என்ற வெட்கம் பல நாள் இருந்தது. அப்புறந்தான், எழுதிய பக்கத்தைத் திருத்துவதில்லை, எவர்க்காகவும் இடம் மாற்றுவதில்லை என்ற விதியை ஏற்படுத்திக்கொண்டோம். அந்த மோசடிப் பக்கங்களும் அப்படியே இருக்கின்றன.

ஓர் இடம் மேலே, ஓர் இடம் கீழே என்பதில் என்ன பிரமாதம் என்று கேட்கலாம். நமது நாட்டில் அதற்காக ஓர் இயக்கமே நடந்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்களைத் துக்கடா என்று கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. ஜனங்கள் செருப்பைத் தேடும் சமயத்தில்தான் தாய்மொழி மேடைக்கு வரும். ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியார் முயற்சியால் 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மகாநாடு கூடிற்று. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. தெலுங்குக் கீர்த்தனங்களின் அழகை மறுப்பதற்காக அல்ல. தமிழ்ப் பாட்டுக்கு வரிசையில் தக்க இடம் கேட்பதற்காகவே அவ்வளவு பிரயாசையும் நடந்தது. வரிசையில் கடைசி என்பது ஒரு தீர்ப்பு. வரிசையிலேயே இல்லை என்பது அதைவிடப் பெரிய தீர்ப்பு. இந்த இரண்டாவது தீர்ப்பை நாமே முப்பது வருஷமாக ஒருவருக்கு வழங்கி வந்திருக்கிறோம் என்பதைச் சென்ற மாதம் வரையில் நாம் அறியவில்லை.

நமது குமாரி எட்டாவது வகுப்பில் படிக்கிறாள். நமது நோட்டுப் புத்தகத்தின் மீது அவளுக்கு மரியாதை உண்டு. ஆனால் நம்பிக்கை இல்லை. "போனே எல்லாத்தையும் எண்ணிச் சொல்லிடுமே அப்பா. நீங்க எதுக்குக் கஷ்டப்படறீங்க?" என்பாள். வாஸ்தவந்தான். ஒருவர் கம்ப்யூட்டரில் கேட்கும் பாட்டுக்களைத் தானே குறித்து வைக்கும் ஏற்பாட்டை 2002-ஆம் வருஷத்திலேயே இங்கிலாந்தில் ரிச்சர்டு ஜோன்ஸ் என்ற மாணவர் செய்துவிட்டார். 'ஸ்பாட்டிஃபை' கம்பெனி 2016 முதல் வருஷ முடிவில் அவரவர் கேட்ட கணக்கை வர்ணப் படங்களாகப் போட்டுக் கொடுக்கிறது. அந்தக் கம்பெனியின் கணக்கில் ஒரு பாட்டு முப்பது விநாடி ஓடினால் கேட்டதாகப் பொருள். நாம் அடுப்பில் பால் பொங்குகிறதென்று எழுந்து ஓடினாலும் கேட்டதாகவே பொருள். எந்தப் பாட்டு ஓடிற்று என்று யந்திரம் சொல்லும். ஓடாத பாட்டு ஒன்று வாரம் முழுவதும் நமக்குள் ஒலித்துக்கொண்டிருந்தால் அதை யார் எண்ணுவது? நமது வல்லக்கோட்டை முருகன் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அருணகிரிநாதர் கோடைநகர் என்று திருப்புகழில் பாடிய தலம். கிருத்திகை தோறும் ஒலிபெருக்கியில் டி. எம். சௌந்தரராஜன் பாடிய முருகன் பாட்டுக்களை விடியற்காலை முதல் கேட்டுக்கொண்டே வளர்ந்தோம். வாழ்க்கையில் நாம் அதிகத் தடவை கேட்ட பாட்டுக்கள் அவைதாம். நமது ஜாபிதாவில் அவை ஒரு முறையும் இடம் பெறவில்லை. காற்றைப் போல இருந்ததால் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை.

சென்ற மாதம் ஏழாம் வகுப்பில், மதிப்பெண் கொடுத்துச் சராசரி காண்பது எப்படி என்று கற்பிக்க வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்குப் பிடித்தபடி இருக்கட்டும் என்று, "அவரவர்க்கு இந்த வாரம் பிடித்த பத்துப் பாட்டுக்களை வரிசையாக எழுதுங்கள்" என்றோம். வகுப்பில் ஒரே உற்சாகம். நமது பக்கத்தில் நிலைமை எப்படியென்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் கார் ஆலை, 2012-இல் பாரத்பென்ஸ் லாரி ஆலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததிலிருந்து, பாரத தேசத்தின் பல மாகாணங்களிலிருந்தும் ஜனங்கள் வேலைக்காக வந்து குடியேறியிருக்கிறார்கள். அவர்களுடைய குழந்தைகள் நமது வகுப்பில் உட்கார்ந்து, நமது பிள்ளைகளைவிடச் சுத்தமாகத் தமிழ் எழுதுகிறார்கள். அப்படி ஒடிஸா தேசத்திலிருந்து வந்த ஒரு சிறுமியின் காகிதத்தில் முதல் இடத்தில் 'பாட்டி பாட்டு' என்று இருந்தது.

"இது எந்தப் படத்துப் பாட்டு, அம்மா?" என்று கேட்டோம்.

"படம் இல்லை சார், பாட்டி" என்றாள்.

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "பாட்டி ஊர்லே இருக்காங்க. ராத்திரி போன்லே பாடுவாங்க. அதுக்கப்புறம்தான் தம்பி தூங்குவான்" என்றாள். பாடச் சொன்னோம். எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டு அடி பாடினாள். மொழி நமக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. வகுப்பு நிசப்தமாகக் கேட்டது. அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும்போது சாலையில் லாரிகளின் இரைச்சல் வழக்கம்போல் இருந்தது. நமது காதில் விழுந்துகொண்டிருந்ததோ வேறொரு குரல். நமக்கு ஐந்தாறு வயதில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும், கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும்போதும், நமது தகப்பனார் வாய்க்குள் முணுமுணுத்த ஒரு பாட்டின் குரல் அது.

தகப்பனாருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. இப்போது பெயர்கள் மறக்கின்றன. சில நாள் நமது பெயரே சற்றுத் தாமதமாக வருகிறது. திண்ணையில் உட்கார்ந்திருந்த அவரிடம் போய், "அப்பா, நீங்க அந்தக் காலத்திலே ஒரு பாட்டுப் பாடுவீங்களே, அது என்ன பாட்டு?" என்று கேட்டோம்.

வெகு நேரம் யோசித்தார். "அது பாட்டு இல்லேடா. கணக்கு" என்றார்.

ஏற்றம் இறைத்த காலத்துப் பாட்டு அது. மின்சார மோட்டார் நமது கிராமங்களுக்கு வருவதற்கு முன்னால், ஏற்ற மரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் சாலைக் கிணற்றில் இறக்கி, மொண்டு, கவிழ்ப்பார். சாலுக்கு ஓர் அடியாகப் பாட்டு நடக்கும். அடியோடு எண்ணும் சேர்ந்து வரும். பிள்ளையாரைத் தொழுது ஒன்றில் தொடங்கி மேலே மேலே போகும். இத்தனை சால் என்றால் இத்தனை நிலம் பாய்ந்தது என்று தெரியும். களைப்புத் தெரியாமலிருக்கப் பாட்டு; கணக்குத் தவறாமலிருக்கவும் அதே பாட்டு. தகப்பனார் சிறுவராக மரத்தின் மேல் நடக்க, நமது பாட்டனார் கீழே நின்று பாடியதாம்.

"நானும் கணக்கு வாத்தியார்தானே அப்பா, சொல்லுங்க" என்றோம்.

முதலில் வெட்கப்பட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். குரல் உடைந்திருந்தது, தாளம் உடையவில்லை. வலது பாதம் தானாகவே தரையில் மெல்ல மிதித்துக்கொண்டிருந்தது. நமது குமாரி எங்கிருந்தோ ஓடி வந்து, போனை அவர் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்தாள். பத்து, இருபது, முப்பது என்று போய், முப்பத்தேழில் நின்றுவிட்டது. முப்பத்தெட்டாவது அடி வரவில்லை. மறுபடி முப்பதிலிருந்து பாடிப் பார்த்தார். மறுபடியும் முப்பத்தேழில் நின்றது. "போயிடுச்சுடா" என்று சொல்லிக் கையை விரித்தார்.

கம்பர் கதை ஒன்று உண்டு, நேயர்கள் கேட்டிருப்பார்கள். அவர் வழிநடையாகப் போகும்போது, ஏற்றம் இறைக்கிற ஒருவன் பாடிய பாட்டின் ஓர் அடி காதில் விழுந்ததாம். அடுத்த அடியைப் பாடுவதற்குள் அவன் அன்றைய வேலையை முடித்துப் போய்விட்டான். கவிச்சக்கரவர்த்திக்கு அந்த அடுத்த அடி என்னவென்று இரவு முழுவதும் யோசித்தும் புலப்படவில்லை. விடியும் வரையில் காத்திருந்து, ஏற்றக்காரன் வந்து பாடிய பிறகே கேட்டுத் திருப்தியுடன் போனாராம். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ தடவை இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறோம். அன்றிரவு நமக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்கமும் வரவில்லை. ஆயிரத்து ஐந்நூறு ஞாயிற்றுக்கிழமைகள் இந்தப் பாட்டு இதே வீட்டில், பக்கத்து அறையில் இருந்திருக்கிறது. காஸெட்டில் வந்ததையும் தட்டில் வந்ததையும் வரிசை போட்டுக்கொண்டிருந்தோமே தவிர, ஒரு ஞாயிற்றுக்கிழமையும் எழுந்து போய்க் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் தகப்பனார் குளித்துக்கொண்டிருந்தார். தலையில் இரண்டு செம்பு தண்ணீர் விழுந்ததுந்தான் தாமதம், முப்பத்தெட்டாவது அடி உள்ளேயிருந்து கணீரென்று வந்தது. கூடவே முப்பத்தொன்பதும் நாற்பதும் வந்தன. நமது இல்லத்தரசி கையிலிருந்த கரண்டியுடன் வெளியே வந்து நின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தைக் குமாரியே பிரித்து வைத்தாள். கோடும் அவளே போட்டாள். முதல் இடத்துக்கு எதிரில் அவள் எழுதியது இது: 'பாட்டு: ஏற்றப் பாட்டு. படம்: இல்லை. பாடியவர்: தாத்தா. சென்ற வாரம்: இல்லை. எத்தனை வாரம்: 1.' சென்ற வாரம் என்ற பத்தியில் அவள் எழுதிய 'இல்லை' என்ற சொல்லை நாம் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுதியதைத் திருத்துவதில்லை என்பது விதியாகையால் விட்டுவிட்டோம்.

இப்போது நான்காவது வாரம் நடக்கிறது. பாட்டு முதல் இடத்திலேயே இருக்கிறது. நூறு வரையில் உண்டு என்று தகப்பனார் சொல்கிறார். சில நாள் இரண்டு அடி கிடைக்கிறது. சில நாள் ஒன்றும் கிடைப்பதில்லை. ஒரு நாள் முன்பு கிடைத்ததும் போய், மறுநாள் திரும்பி வந்தது. இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும்போது அறுபத்திரண்டில் நிற்கிறது. காலையில் அவர் குளிக்கப் போகும் சமயம், நமது வீட்டில் எல்லோரும் ஏதோ வேலையிருப்பதுபோல் கொல்லைப்புறத்துக் கதவண்டை போய் நிற்கிறோம்.